நிழல் தீட்டப் பழகுதல்

சித்திரம் வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் கோட்டோடு நின்றுவிடுகின்றனர். பானையொன்றின் உருவத்தைக் கோட்டினாற் சரியாகவே அமைத்துவிடுவர். ஆயினும் அது தாளிலே வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாகக் கிடக்கும். பானைக்கு வயிறு உண்டாவது நிழலினாலேயாம். நான் சித்திர ஆசிரியன் அல்லேன். பாடசாலை நிருவாகத்தில் மூழ்கிய ஒரு கலைப் பட்டதாரி. ஐம்பது வயதின் பின்னர் மாணவரோடு வாங்கில் அமர்ந்து பழகியதையே நேயர்களுக்குச் சொல்ல முன்வந்தேன்.

பழகுவதற்கு ஒரு கோழிமுட்டை போதும். அதனை ஒரு வெள்ளைத் தாளின்மீது, யன்னலின் அருகே வையுங்கள். மற்றைய யன்னல்களைச் சாத்திவிடுங்கள். பல புறத்திலிருந்தும் வெளிச்சம் வந்தால் புதிதாகப் பழகுபவர் குழம்புவர். இனிக் கண்களைப் பாதி மூடிக்கொண்டு நோக்குங்கள். சிறு விவரங்கள் மறைந்து, ஒளியும் இருளும் மாத்திரம் எஞ்சும். யன்னலை நோக்கிய இடத்திற் பென்சில் படவே கூடாது. தாளின் வெண்மையே அங்கு ஒளியாகும். அதிலிருந்து விலக விலக நிழல் படிப்படியாகக் கனக்கும்.

மிகக் கரிய இடம் முட்டையின் விளிம்பில் இருக்குமென்றே நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. விளிம்புக்குச் சற்று உள்ளேதான் கருமை மிகுதி. விளிம்பிலோ மெல்லிய வெளிச்சமொன்று தோன்றும். கீழே விரித்த தாளிற் பட்ட ஒளி திரும்பி, முட்டையின் நிழற்புறத்தைத் தொடுவதால் விளைவது அது. எனினும் ஒளிப்புறத்தினும் மங்கலாகவே அதனைத் தீட்டல் வேண்டும். முட்டை தாளிலே விழுத்தும் நிழலோ, அது தாளைத் தொடுமிடத்தில் மிகக் கறுத்து, அப்பாற் செல்லச் செல்ல ஓரம் மென்மையாகும்.

எச்.பி. பென்சிலொன்றும் 4பி பென்சிலொன்றும் போதியன. அழுத்தித் தேய்க்காது, மெல்லிய கீற்றுக்களை ஒன்றன்மேலொன்றாக இடுக. விரலால் தேய்த்து மழுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. தாள் அழுக்காவதே மிச்சம்.

நிழலைப் படிக்கும் கண் சித்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 1609ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இங்கிலாந்திலே தோமஸ் ஹரியட் என்பார் தொலைகாட்டியினூடாகச் சந்திரனைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையைக் கரடுமுரடான கோடாக இட்டாரேயன்றி, அதன் காரணத்தைப் படத்திற் காட்டினாரல்லர். சில மாதங்களின் பின் இத்தாலியிலே கலிலியோவும் சந்திரனை நோக்கினார். அவர் சித்திரப் பயிற்சி உடையவர். இருட்புறத்தில் தனித்து ஒளிரும் புள்ளிகள் சூரியவொளி பட்ட மலைமுடிகள் எனக் கண்டு, அவற்றை ஒளியும் நிழலுமாகத் தீட்டினார். 1610இல் நூலாகவும் வெளியிட்டார்.

இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், சிறுவன் ஒருவன் வரைந்த குடத்தைப் பார்த்து, தாளை அழுக்காக்கிவிட்டாய் என்று கடிந்து புள்ளியைக் குறைத்தேன். குடத்தின் வலப்புறம் முழுவதும் கரியாக இருந்தது. அவ்வகுப்பறையில் இடப்புறத்தில் மட்டுமே யன்னல் இருந்தமை, முட்டையை வரைந்து பழகிய பின்னரே என் நினைவுக்கு வந்தது. வலது விளிம்பில் மெல்லிய வெண்கீற்றொன்றையும் அவன் விட்டிருந்தான். தீட்டாது விட்ட குறையென எண்ணி, அதனை நான் சிவப்பு மையினாற் சுழித்திருந்தேன்.