ஆந்திரம் பிறந்த சமரசமும் ராஜபாளையமும்

ஆந்திர ராஜ்யம் உதயமான 1953 அக்டோபர் முதல் தேதியைத் தமிழர் நினைவுகூர்வது அபூர்வம். மொழிவழி ராஜ்யங்கள் அமைந்த 1956 நவம்பர் முதல் தேதிக்கே உபந்நியாசங்களெல்லாம் நடைபெறுகின்றன. ஆயினும் சென்னைப் பட்டணம் யாருக்கு என்ற வழக்கு தீர்ந்தது முந்திய தேதியிலேதான். அத்தீர்வை முதலில் நாடிய கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் ராஜபாளையத்தில் பிறந்த ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா. செட்டியார்பட்டி முதலிய சுற்றூர்களின் அரசியல் ஊழியர்களாவது இதை மறக்கலாகாது.

பாஷைவாரி மாகாணம் காங்கிரஸுக்குப் புதிய தத்துவமன்று. 1920இல் நாகபுரியிலேயே மாகாணக் கமிட்டிகளை மொழிப்படி வகுக்கத் தீர்மானித்தது அம்மகாசபை. சுதந்திரத்துக்குப் பின், 1949 ஏப்ரலில், ஜவாஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. ஆந்திரர் சென்னை நகரின்மீதுள்ள பாத்தியதையை விடுவார்களாயின் அவர்களுக்குத் தனி ராஜ்யம் அமையலாம் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் பட்டாபி ஆந்திரர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே மாதத்தில் சென்னை மாகாணப் பிரதமரானார் குமாரசாமி ராஜா. பிரிவினைக் கமிட்டி அவர் தலைமையில் கூடிற்று. அவரோ வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வழங்கும் ராஜபாளையத்து ராஜுக்கள் சமூகத்தவர். இருதரப்பு வழக்கையும் செவிமடுக்க அவரினும் தகுதியுடையார் யார்? எனினும் பட்டண விஷயத்தில் ஆந்திர கேசரி பிரகாசம் பந்துலு மாறுபட்ட குறிப்பு எழுதினார். கமிட்டியின் முயற்சி கைகூடவில்லை.

அதன் விலை பெரிது. 1952 அக்டோபர் 19இல் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15ஆம் தேதி இரவு உயிர் நீத்தார். தெலுங்கு ஜில்லாக்களில் கலகம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் மாண்டனர். டிசம்பர் 19இல் நேரு ஆந்திர ராஜ்யத்தை அறிவித்தார். சென்னை நகரம் நீங்கலாக! 1949இல் கைக்கெட்டியிருந்த அதே சமரசந்தான் இது. இடையில் சென்ற மூன்றரை வருஷங்களுக்கும் மாண்ட உயிர்களுக்கும் யார் ஜவாப்தாரி? பிரகாசம் ஒருவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. உண்ணாவிரதத்தின் ஐம்பத்தெட்டு நாளும் அசையாதிருந்த டில்லிக்கும் அதில் பங்குண்டு.

முடிவில், அன்று மாறுபட்ட பிரகாசமே கர்நூலைத் தலைநகராகக் கொண்ட ஆந்திரத்தின் முதல் முதன்மந்திரியானார். தமிழர் இழப்பும் அற்பமன்று. திருப்பதியும் சித்தூரும் அப்பால் போயின. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகப் படாஸ்கர் மத்தியஸ்தம் ஏற்பட்டது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நம்முடன் சேர்ந்தது.

அதைக் காணக் குமாரசாமி ராஜா இல்லை. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல்வியுற்று, பின்னர் ஒரிஸ்ஸா கவர்னராக இருந்து, 1957இல் காலமானார். தம் இல்லத்தையே அவர் காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தது ராஜபாளையம் அறிந்த செய்தி. அக்டோபர் முதல் தேதி அந்த ஊரில் தமிழன்பரும் தெலுங்கன்பரும் ஒரு கூட்டம் கூட்டட்டும். செட்டியார்பட்டியார் வராமலா போவார்கள்?