இருதயம் பெருத்தால் நல்லதா, கெட்டதா?



கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சந்தாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். குலை ஏற்றும் அண்ணன் ஒருவர் கிளினிக் அட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர்.

"தலைவரே, படம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் இருதயம் பெருத்துப்போச்சுன்னு சொல்றாரு. இருபத்தஞ்சு வருசமா குலை தூக்குறேன். தோள் பெருத்துச்சு, கை பெருத்துச்சு, யாரும் குத்தம் சொல்லலே. இருதயம் பெருத்தா மட்டும் எப்படி வியாதியாகும்?"

பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம், "இதையே சொல்லிக்கிட்டு மருந்தைத் தொட மாட்டேங்கிறாரு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பெரிய பெரிய டாக்டர்களே நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டு வரும் கேள்வி அது.

1899-இல் சுவீடன் நாட்டில் ஹென்ஷன் என்ற டாக்டர், பனியில் கட்டை கட்டிச் சறுக்கி நெடுந்தூரம் போகும் போட்டிக்காரர்களின் நெஞ்சைப் பரிசோதித்தார். அன்றைக்கு இன்றைய கருவிகள் கிடையாது. நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல, விரலால் நெஞ்சைத் தட்டி, சத்தத்தை வைத்தே இருதயத்தின் அளவைக் கண்டார். அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிய இருதயம் இருந்தது. அது நோயல்ல, அதிக வேலை செய்யக்கூடிய இருதயம் என்று எழுதி வைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அவர் சொன்னதை மெய்ப்பித்தன.

இருதயமும் ஒரு தசைதான். வளர்ந்த ஆண்பிள்ளைக்குச் சுமார் 300 கிராம் எடை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஓட்டம், நீச்சல், வேக நடை என்று பழகினால் அதன் அறைகள் விரிகின்றன. சுவரும் அதற்கேற்ற அளவில் தடிக்கிறது. ஒரு துடிப்பில் அதிக ரத்தம் போவதால், சும்மா இருக்கும்போது நாடி மெதுவாக அடித்தாலே போதும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அந்தப் பெருக்கம் குறையத் தொடங்கும்.

கர்ப்பிணிப் பெண்ணின் இருதயமும் இப்படித்தான் வளர்கிறது, பிள்ளை பிறந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். செம்பனைக் காட்டில் மலைப்பாம்பைப் பார்க்காதவர் நம்மில் யார்? பர்மா மலைப்பாம்பு வயிறு நிறைய இரை விழுங்கினால், இரண்டே நாளில் அதன் இருதயத் தசை 40 விழுக்காடு பெருக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். இரை செரித்ததும் பழையபடி சுருங்கிவிடும். அந்தப் பாம்பின் ரத்தத்தில் இருக்கும் சில கொழுப்புச் சத்துகளை எலிக்கு ஏற்றியபோது எலியின் இருதயமும் ஆரோக்கியமாக வளர்ந்தது என்று 2011-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். மனுசனுக்கு அது மருந்தாகுமா என்பது தனிக் கதை.

அப்படியானால் நம் அண்ணனுக்கு என்ன வந்தது? ரத்தக் கொதிப்பு. பல வருஷமாக இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. ஓடுகிறவனின் இருதயத்துக்குச் சுமை வரும், போகும். ரத்தக் கொதிப்புக்காரரின் இருதயமோ, இறுகிய குழாய்களுக்குள் ராத்திரி தூக்கத்திலும் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலமானாலும் இறக்கி வைக்க முடியாத காண்டாக் கம்பு அது! சுவர் தடிக்கிறது, ஆனால் உள்ளறை விரிவதில்லை. தசைநார்களுக்கு இடையே தழும்பு விழுகிறது. தடித்த தசைக்கு வேண்டிய ரத்தம் சரியாக எட்டுவதில்லை. கடைசியில் சுவர் தளர்ந்து, காற்றடைத்த பைபோல் ஊதிப்போகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாததும் அப்போதுதான். டாக்டர் "பெருத்துப்போச்சு" என்று சொன்னது இந்த வகையை.

"அப்போ நான் செய்ற வேலை தேகப் பயிற்சி இல்லையா?" என்று கேட்டார். இதைத்தான் நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

நம் அப்பா அம்மா காலத்தில் ஐந்நூறு, அறுநூறு பால்மரத்தை நடந்து நடந்து வெட்டினார்கள். இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையைத் தோட்டப் பயிராக நட்டார்கள். போகப் போகப் பால்மரம் போய் இந்த வட்டாரம் முழுக்கச் செம்பனையானது. வேலையின் தன்மையே மாறிவிட்டது. இருபது கிலோ குலையைக் கம்பியால் குத்தி, மூச்சை அடக்கி லாரியில் எறியும் அந்த வினாடியில் ரத்த அழுத்தம் சரேலென்று ஏறுகிறது. ஓடுகிறவர்களுக்கு அறை விரிகிறது, மல்யுத்தக்காரர்களுக்குச் சுவர் தடிக்கிறது என்று 1975-இலேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். அந்த மல்யுத்தக்காரர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஏற்கெனவே கொதிப்பு உள்ளவர் நாள் முழுக்க எடை தூக்கினால் அது வேறு சங்கதி.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நாளெல்லாம் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. ஆகவே வேலையும் நன்மை செய்யலாம். ஆனால் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சுமார் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து, 2021-இல் வேறு செய்தி சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இருதய நோய் குறைந்தது. பிழைப்புக்காகக் கடுமையாக உழைத்தவர்களுக்குக் கூடியது! ஓய்வில்லாததால் என்கிறார்கள் சிலர். புகை, வறுமை போன்ற மற்றக் காரணங்கள் என்கிறார்கள் சிலர். வாதம் முடியவில்லை. சங்கக்காரன் என்ற முறையில் எனக்கு ஓய்வுதான் முதலில் கண்ணில் படுகிறது. டன் கணக்கில் கூலி தரும் இடத்தில் எவன் இளைப்பாறுவான்?

இளவட்டங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கமரூன் நாட்டுக் காற்பந்து ஆட்டக்காரர் மார்க் விவியன் ஃபோ, 2003-இல் பிரான்சில் ஆடிக்கொண்டிருக்கும்போதே திடலில் விழுந்து இறந்தார். வயது 28. பிறவியிலேயே வரும் இருதயத் தசைத் தடிப்பு நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இது சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது, குடும்பத்தில் தொடர்ந்து வருவது. ஓடும்போது மயங்கி விழுந்த பையனை, "வெயில்லே நின்னான்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

கொதிப்பு வந்தவர் பயிற்சியே செய்யக்கூடாதா? செய்யலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் வாரம் ஐந்து நாள், அரைமணி நேரம் நடந்தால் அழுத்தம் இறங்கும். மருந்தை விடாமல் சாப்பிட்டால் தடித்த சுவர்கூட ஓரளவு மெலியும். கருவாட்டையும் சம்சுவையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, அளந்தால்தான் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

அண்ணன் மருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் இருவரும் மாரியம்மன் கோயில் வரை நடக்கிறார்களாம். அவரை லாரியிலிருந்து எடுத்து இலகுவான வேலையில் போடும்படி, டாக்டர் கடிதத்தோடு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த சம்பள நாளன்று அந்தத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கொதிப்பு அளக்கும் கருவியோடு உட்காரப் போகிறேன். சம்பளத்தை எண்ணிய கையோடு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள்.