புதுக் கணக்கும் பழைய பேரேடும்

வங்காளப் புத்தாண்டான பொய்லா பைசாக் அன்று, கொல்கத்தாவின் காளிகாட் கோயில் வாசலில் வணிகர்கள் விடியலிலேயே வரிசையில் நிற்பர். அவர்கள் கையில் சிவப்புத் துணி அட்டையிட்ட புதிய கணக்கேடு இருக்கும். பூசை முடிந்ததும் 'ஹால் காதா' எனப்படும் அந்தப் புதுக்கணக்கு தொடங்கப்படும். பழைய ஏட்டின் எல்லா வரிகளையும் எவரும் அதில் பெயர்த்தெழுதுவதில்லை. தீராத பாக்கி மட்டுமே புதிய ஏட்டுக்கு வரும். பழையதைக் கட்டிப் பரணில் வைத்துவிடுவார்கள்; ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதும் ஏறத்தாழ இதே வேலைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றதால், இவ்வேலை பல வீடுகளின் வாசலுக்கு வந்துவிட்டது.

காளிகாட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியில், ஓய்வுபெற்ற கணக்காளரான நம் வாசகர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய கணினியில் சில வாரங்களாகக் கேளாமலே விளம்பரச் சாளரங்கள் திறந்துகொண்டிருந்தன. வங்கியின் முகவரியைத் தட்டினால் வேறேதோ பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் அஞ்சியதில் வியப்பில்லை. சி டிரைவ் முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்திருந்தார். "விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் எல்லாவற்றையும் அப்படியே திருப்பி வைத்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டார்.

முழுவதையும் நகலெடுத்தது நன்று. முழுவதையும் திருப்பி வைப்பதைத்தான் நாம் தடுத்தோம். மென்பொருள்களின் கோப்புறைகளை மட்டும் திருப்பி ஒட்டினால் அவற்றுள் பெரும்பாலானவை இயங்கமாட்டா. அவற்றை உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மீண்டும் நிறுவத்தான் வேண்டும். மேலும், தொல்லை தந்த நிரல் எந்தக் கோப்புறையில் ஒளிந்திருந்தது என்பது நமக்குத் தெரியாது. எங்கிருந்தோ இறக்கிய நிறுவல் கோப்புகள், உலாவியின் துணைநிரல்கள், அதில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை நகலிலேயே விட்டுவிடச் சொன்னோம். கடவுச்சொற்களைப் புதிய இயங்குதளம் வந்தபின் புதிதாக அமைத்துக்கொள்வதே முறை.

நகலெடுத்த வன்தட்டு அப்போதும் கணினியுடன் இணைந்தே இருந்தது. முதலில் அதைக் கழற்றச் சொன்னோம். காரணம், 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் மாநில மின்பகிர்மான நிறுவனத்தின் சில அலுவலகங்களிலும் கணினிகள் முடங்கின. கட்டண வசூல் தடைப்பட்டது. அந்த நிரல் கணினியோடு நிற்கவில்லை. இணைந்திருந்த வெளித்தட்டுகளையும் தேடிப் பூட்டியது. விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் நிழல் நகல்களையும் அழித்தது. எப்போதும் செருகியே கிடக்கும் காப்பு நகல், திருடன் வந்த வீட்டில் பெட்டியின் மேலேயே வைத்த சாவிதான். இத்தனைக்கும் அத்தாக்குதலைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

வட்டை அழிக்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கினோம். டாலி உரிமத்தை முறைப்படி ஒப்படைத்தார். அதன் தரவுக் கோப்புறை நகலில் இருப்பதையும், பிழையின்றித் திறப்பதையும் வேறொரு கணினியில் சரிபார்த்தார். அவுட்லுக் அஞ்சல் கோப்பையும் தனியே தேடி உறுதிசெய்தோம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியும் கையில் வேண்டும். அவர் கணினியில் அது இல்லை. வருமான வரிக்கான டிஜிட்டல் கையொப்பம் யுஎஸ்பி டோக்கனில் இருந்ததால் அதற்கு ஆபத்தில்லை; அதன் டிரைவரை மட்டும் பின்னர் நிறுவினால் போதும்.

புதிய விண்டோஸ் நிறுவப்பட்டது. திருத்தங்கள் அனைத்தும் இறங்கிய பின்னரே வன்தட்டை மீண்டும் இணைத்தோம். வைரஸ் சோதனை முடிந்ததும் ஆவணங்கள், படங்கள், அஞ்சல், டாலி தரவு ஆகிய நான்கை மட்டும் கொண்டுவந்தோம். நகலின் பெரும்பகுதி வன்தட்டிலேயே தங்கிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோதுதான் அவர் முகம் வாடியது. மறைந்த அவருடைய தந்தையார், தஞ்சையிலிருந்து கல்கத்தாவுக்கு வேலை தேடி வந்த கதையைப் பல ஆண்டுகளுக்கு முன் தம் கையாலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தக் கோப்பு திறந்தது. ஆனால் தமிழைக் காணோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே இருந்தன.

கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. யூனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து இயங்கின. அந்த எழுத்துரு கணினியில் இல்லையேல் அடியில் உள்ள ஆங்கிலமே தெரியும். விண்டோஸ் எழுத்துருக்களை ஆவணக் கோப்புறையில் வைப்பதில்லை. தனக்குரிய கோப்புறையில் வைக்கிறது. ஆவணங்களை மட்டும் காப்பெடுப்போர் இதைத் தவறவிடுவது இயல்பு. நம் வாசகரோ சி டிரைவ் முழுவதையும் எடுத்து வைத்திருந்தார்.

பரணிலிருந்து பழைய ஏட்டை இறக்குவதுபோல் வன்தட்டின் எழுத்துருக் கோப்புறையைத் திறந்தோம். பாமினி அங்கே இருந்தது. நிறுவி, கோப்பை மூடித் திறந்தோம். முதல் பக்கத்தை அவர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். அடுக்களையிலிருந்து அவர் மனைவியும் வந்து நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார். கதை முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அன்று மாலையே தொடங்கிவிட்டதாகப் பின்னர் தொலைபேசியில் தெரிவித்தார்.