லாரி ஏறுவதற்குள் கண்டுபிடிங்க... காயலான் கடையில் ஒளிந்திருக்கும் வின்டேஜ் பொக்கிஷம்!

கும்மிடிப்பூண்டி லோக்கலிலோ, திருவள்ளூர் லோக்கலிலோ அடிக்கடி போய் வருகிறவரா நீங்க? அப்படியென்றால் ஒரு பெயரை நூறு முறையாவது பார்த்திருப்பீங்க. சென்ட்ரல் பக்கத்தில்தான் போய் இறங்குவோம். ஆனால், ரயில் ஆப்பில் அந்த ஸ்டேஷனுக்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று போட்டிருக்கும். அங்கே மார்க்கெட் எதுவும் கண்ணில் படாதே, அப்புறம் ஏன் இந்தப் பெயர் என்று யோசித்ததுண்டா?

இருந்தது. 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். அப்போது மெட்ராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். பழைய புத்தகம், இசைத்தட்டு, கடிகாரம், நாணயம், மரச்சாமான், புறா, முயல் என்று கிடைக்காதது இல்லை. உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க, மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஜெயித்த கதையோ ஏமாந்த கதையோ ஒன்றாவது வெச்சிருப்பார். 1985 மே 30-ல் தீப்பிடித்து எரிந்தது. வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கட்டடம் போய் பெயர் மட்டும் மிச்சம். ஆக, பழைய பொருள் தேடும் ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்டேஷன் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்!

இப்போ இன்ஸ்டாவில் 'த்ரிஃப்ட்', 'வின்டேஜ்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே வேட்டையை வேறு யாரோ ஆடி முடித்திருப்பார்கள். கழுவி, போட்டோ எடுத்து, விலையும் போட்டு வைத்ததை நீங்க வாங்குறீங்க, அவ்வளவுதான். காரைக்குடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை கட்டாயம் போய் வாங்க. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண், ஸ்வீடன் எனாமல் கேரியர், ரவிவர்மா அச்சுப்படங்கள் என்று கண்ணுக்கு விருந்து. ஆனால், அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு எது என்ன விலை போகும் என்பது அத்துப்படி.

விலை தெரியாத இடம் ஒன்று இருக்கு. நம்ம ஊர் காயலான் கடை. அங்கே தராசு மட்டும்தான் பேசும்.

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வந்தவரைப் பார்க்காத தலைமுறையாக இருந்தாலும், அந்த வார்த்தையைக் கேட்காதவர் இருக்க மாட்டீங்க. எவர்சில்வர் வந்தபோது பித்தளையும் வெண்கலமும் பரணுக்குப் போயின. பரணிலிருந்து எடைக்குப் போயின. வீடு இடிக்கும்போது ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம், தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால், ட்ரங்க் பெட்டி, கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே குவியலாகக் காயலான் கடைக்கு வரும். இந்தப் பக்கத்தில் இரும்புக்கு அடுத்த ஸ்டாப் எதுவென்று சொல்லத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைய. இன்றைக்கு ராட்டினம், அடுத்த மாதம் யாரோ ஒருவர் வீட்டுத் தூணுக்குள் டி.எம்.டி. கம்பி. மறுசுழற்சி என்ற வகையில் அதில் தப்பே இல்லை. ஆனால், உலைக்குள் போன பிறகு எந்த கலெக்டராலும் அதை மீட்க முடியாது.

எனக்கே நடந்தது. ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு காயலான் கடை. குவியலுக்கு நடுவில் ஒரு கிணற்று ராட்டினம். கயிறு ஓடி ஓடி பள்ளம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் ஏதோ எழுத்து, துரு மூடியிருந்தது. மொபைலில் ஒரு போட்டோ எடுத்தேன். கடைக்கார அண்ணன் எடைக்கு மேல் நூறு ரூபாய் கூடக் கேட்டார். "அடுத்த வாரம் வர்றேண்ணே" என்று கெத்தாகக் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் போனால் குவியலே இல்லை. "செவ்வாய்க்கிழமையே லோடு போயிடுச்சேப்பா" என்றார். நூறு ரூபாய்! அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் பிரியாணிக்கு அதைவிட அதிகம் செலவு பண்ணியிருந்தேன்.

அதனால் முதல் பாடம்: வாங்குவதற்கு முன்னால் படிக்கத் தெரியணும். பொருளைத்தான் சொல்றேன். ஒரு பழைய தகர டப்பாவையோ, எனாமல் போர்டையோ கையில் எடுத்தால், அதன் வயசு அதன் மேலேயே எழுதியிருக்கும். சில குறுக்குவழிகளைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

முகவரியைப் பாருங்க. 'சென்னை' என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தியது என்று ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லலாம். தமிழில் அதற்கு முன்பும் சென்னை என்றே எழுதினார்கள் என்பதால் தமிழ் எழுத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்று போட்டு, பக்கத்தில் ஆறு இலக்க பின்கோடும் இருந்தால் 1972-க்கும் 1996-க்கும் இடைப்பட்டது. ஏனென்றால் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். 'மெட்ராஸ்-1' என்று ஒற்றை எண்ணோடு நின்றுவிட்டால் அதற்கும் முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் இன்னும் குஷி: 1969 ஜனவரியில் நம் மாநிலம் 'தமிழ்நாடு' ஆவதற்கு முந்தையது.

அடுத்து, தமிழ் எழுத்து. பழைய 'லை', 'ணை', 'னை' எல்லாம் தலைக்கு மேல் யானைத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதுதான் அவை இன்றைய வடிவத்துக்கு மாறின. அதற்கப்புறமும் சில வருஷம் பழைய கைப்பழக்கத்தில் எழுதிய பெயின்டர்கள் உண்டு. இருந்தாலும் தும்பிக்கையைப் பார்த்தால் கொஞ்சம் நின்னு பாருங்க.

விலை அச்சடித்திருந்தால் 'அணா' என்றால் 1957-க்கு முன்னால். 'நயா பைசா' என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். எடைக்கல்லில் சேர், பவுண்டு என்றிருந்தால் கிலோ கட்டாயமாவதற்கு முந்தையது, அதாவது 1960-களின் தொடக்கத்துக்கு முன். பீங்கானிலோ கடிகாரத்திலோ 'மேற்கு ஜெர்மனி' என்று பார்த்தால் 1949 முதல் 1990 வரை. அதற்குப் பிறகு அப்படி ஒரு நாடே இல்லை.

பாத்திரத்தில் இன்னொரு சங்கதி. விளிம்பையோ அடியையோ திருப்பிப் பாருங்க. புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, சில சமயம் தேதிகூட. சீர் வரிசையில் வந்த அண்டாவாக இருக்கும், காதுகுத்துக்கு மாமன் செய்த செம்பாக இருக்கும். கடைக்காரருக்கு அது பித்தளை, அவ்வளவே. என்னைக் கேட்டால், பளபளவென்று பாலிஷ் போட்ட பெரிய குத்துவிளக்கைவிட, பெயர் வெட்டிய ஒடுங்கிய செம்புதான் நல்ல வேட்டை.

நம்ம ஏரியாவிலேயே பிறந்த பொருள்களையும் தேடுங்க. இந்த இரண்டு ரயில் பாதைகளும் ஒரு காலத்தில் தயாரிப்புக் கூடங்களாகவே இருந்தன. திருவள்ளூர் லைனில் அம்பத்தூர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கேதான் ஹெர்குலஸ் தயாரித்தது. பழைய சைக்கிளின் முன்பக்க உலோகச் சின்னம், மணி, டைனமோ விளக்கு இதெல்லாம் தனித்தனியாகவே கிடைக்கும். கும்மிடிப்பூண்டி லைனில் திருவொற்றியூர். 1955-ல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தபின் புல்லட் உருவான ஊர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் விம்கோ நகர். அந்தப் பெயர் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டி கம்பெனியுடையது. தீப்பெட்டி லேபிள் சேகரிப்பு உலகம் முழுக்க இருக்கிற பொழுதுபோக்கு, பாக்கெட் மணியிலேயே ஆரம்பிக்கலாம். விம்கோ நகரைத் தாண்டும்போது பையில் ஒரு பழைய விம்கோ லேபிள் இருந்தால் அது தனி கிக்!

இனி, கை சுடுகிற விஷயங்கள்.

ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று ஒரு செம்புக் காசு காட்டுவார்கள். கம்பெனி அப்படியொரு காசு அடிக்கவே இல்லை. 'இந்த ரூபாய் நோட்டு உங்ககிட்ட இருக்கா? லட்சக்கணக்கில் தர்றோம்' என்று மொபைலில் வரும் விளம்பரமும் இதே ரகம். ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷன், வரி கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. இதற்கெல்லாம் அண்ணன், 'அரிசியை இழுக்கும் கலசம்', 'இரிடியம் சொம்பு'. அதைச் சொல்பவரைப் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்க. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பழைய எச்.எம்.டி. வாட்ச்சிலும் கவனம். டயல் புதுசு, உள்ளே பல வாட்ச்சின் கலவை என்று நிறைய சுத்துகின்றன. நம்ப முடியாத கலரில் டயல் இருந்தால், நம்பாதீங்க.

சட்டமும் இருக்கு. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கலைப்பொருள்கள் தொல்பொருள்கள்தான். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வயதே போதும். சிலை, ஓவியம், சுவடி போன்றவற்றைப் பதிவு செய்யணும், விற்பவருக்கு லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய சாமி சிலை எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீங்க. அது எந்தக் கோயிலில் காணாமல் போனதோ! ரயில்வே முத்திரை குத்திய விளக்கு, மணி மாதிரியானவற்றுக்கு ஏலத்தில் எடுத்த ரசீது இருக்கா என்று கேளுங்க. திருட்டு ரயில்வே சொத்தை வைத்திருப்பதே குற்றம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உஷாராக இருக்கணும். பூண்டி பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழசு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, காசும் அடித்தார்கள். அங்கே மண்ணிலோ மணலிலோ எதாவது கிடைத்தால் அது வின்டேஜ் வேட்டை கிடையாது. புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும் என்று 1878-லேயே சட்டம் போட்டாச்சு.

காயலான் கடைக்குப் போகும்போது மூடிய ஷூவும் தடித்த கையுறையும் கட்டாயம். லோடு ஏறும் நாள் எது என்று முதல் தடவையே கேட்டு வெச்சுக்கோங்க. அதற்கு முந்தின நாள்தான் உங்க நாள். எடைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா, அடுத்த முறை அவரே எடுத்து வைத்து போன் பண்ணுவார். வாங்கி வந்த பழைய நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீங்க, மதிப்பு போயிடும். பித்தளையில் புளிப்பு சமைக்கணும் என்றால் ஈயம் பூசாமல் கூடாது. பழைய ரேடியோவை ஆசையில் நேராக பிளக்கில் சொருகாதீங்க; மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்க.

கடைக்குப் போகும் முன்னால், வீட்டுப் பரணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்க. பாட்டி கீழே நின்று, "அதையெல்லாம் எதுக்குடா இறக்குற, எடைக்குப் போட வெச்சிருக்கேன்" என்பார். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து இது யாருடையது என்று கேளுங்க. போனில் ரெக்கார்டிங் ஓடட்டும்.

அந்த ராட்டினத்தின் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கு. இதை எழுதும்போது பெரிதாக்கிப் பார்த்தேன். துருவுக்கு நடுவில் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்', பக்கத்தில் ஒரு சிறு கோடு, ஒற்றை எண். பின்கோடு இல்லை.