நீர் இறங்கும், ஆள் ஏறும்

1997 ஜனவரி 1 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என ஐந்து வட்டங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 12,45,899 பேர். மாவட்டத்தின் மேற்கு எல்லை ஏறக்குறைய முழுவதும் மலைமுகட்டில் ஓடுகிறது. அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி. தேனியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் பொறியாளர் பென்னிகுவிக்கில் தொடங்குவார்கள், அவர் கட்டிய பெரியாறு அணையால் செழித்த வயல்களோடு முடிப்பார்கள். அந்தக் கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. நீர் மலையிலிருந்து இறங்கியதை அது சொல்கிறது. அந்த மலைக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஆளும் மாடும் சரக்கும் ஏற்றி அனுப்பியதை அது சொல்வதில்லை. மலையையும் பள்ளத்தாக்கையும் ஒரே நிலத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமுமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் தேனி விளங்கும் என்பது என் வாதம். அப்படிப் பார்க்காததால்தான் அணைச் சிக்கலிலும் தொழிலாளர் சிக்கலிலும் நாம் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலில் நில அமைப்பு. மேற்கே ஏலமலைத் தொடர். தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள். இரண்டுக்கும் நடுவே வடகிழக்காகத் திறந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து ஏறி வந்து மலையின் மேற்குச் சரிவிலேயே தன் சுமையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கூடலூர், கம்பம் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். ஆனி, ஆடியில் குமுளியில் விடாமல் மழை பெய்துகொண்டிருக்கும்போது சில மைல் கீழே வெயில் அடிக்கும். ஒரு மலை இரண்டு பருவங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஈரம் மேலே, வெயிலும் சமவெளி மண்ணும் கீழே. ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம் இருக்கும்போது இரண்டுக்கும் இடையே போக்குவரத்து ஏற்படாமல் இருக்க முடியாது.

அந்தப் போக்குவரத்து அணையைவிட மிகப் பழையது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரை ஊரான புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவற்றில் ஒன்று கூடலில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்தவனுக்கு எடுத்த கல். மாடுதான் செல்வமாக இருந்த ஒரு மேய்ச்சல் நாடு இது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். கம்பத்தில் இன்றும் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மலைக்கு மேய்ச்சலுக்கு ஏறி இறங்கும் மலைமாடு என்கிற நாட்டினமும் இருக்கிறது. 2022இல் உயர் நீதிமன்றம் வனத்துக்குள் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அந்தத் தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் நிறுத்தியபோது, அதிகம் கலங்கியவர்கள் இந்த மாட்டுக்காரர்கள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டதால் அவர்களுடைய பழைய தடங்களில் பல அதற்குள் அடங்கிவிட்டன. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேய்ச்சல் தடம் என்பது ஒரு வழக்காறு. அது அழிந்தால் அந்த மாட்டினமும் சேர்ந்தே அழியும் என்பதைக் கணக்கில் எடுக்காத காப்பு முழுமையானதாகாது.

மாட்டைத் தொடர்ந்து மனிதர்களும் ஏறினார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் மரபைச் சொல்கிறார்கள் முதுவர்கள். பூஞ்சாறு அரச மரபினர் தங்களைப் பாண்டியர் வழியினர் என்றே கருதினார்கள். எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு அன்று பளியன்குடி வழியாகத் தமிழகத்தாரும் குமுளி வழியாகக் கேரளத்தாரும் ஏறுகிறார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசித்தான் அந்த ஒரு நாள் விழா நடக்கிறது. மரபுக் கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, அதே பூஞ்சாற்றின் எழுத்துப் பத்திரம் ஒன்று உண்டு. 1877இல் பூஞ்சாறு ராஜா கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்டார். இன்றைய மூணாறு தேயிலையின் தொடக்கம் அது. அந்தத் தேயிலை கடலுக்குப் போன வழி கொச்சி வழி அல்ல. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908இல் குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிய பெட்டிகள் குரங்கணிப் பக்கம் இறங்கின. பிறகு வண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்துக்கொண்டு போகும்வரை மூணாற்றின் வாசல் போடிநாயக்கனூர்தான்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் பெரியாறு அணை புதிதாக முளைத்த அதிசயமாகத் தெரியாது. ஏற்கெனவே இருந்த உறவை நீரின் வழியே எழுத்தில் பதித்த ஒப்பந்தமாகத் தெரியும். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. அதைக் கிழக்கே திருப்பலாம் என்று இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எண்ணினார். 1808இல் வந்து பார்த்த கேப்டன் கால்டுவெல் நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876–78 பெரும் பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கிய பிறகுதான் அரசு அசைந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானத்தில் அணை எழும்பியது. மலையைக் குடைந்த சுரங்கம் நீரைக் கிழக்கே விட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் அங்கேயே மாண்டு அணைக்கு அருகே புதைக்கப்பட்டார்கள். பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். அவர் அதற்குத் தகுதியானவர். அந்தக் கூலியாட்களுக்கும் அந்தப் பொங்கலில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அணை கம்பத்துக்காகக் கட்டப்பட்டதல்ல, மதுரை, மேலூர் வறண்ட நிலங்களுக்காகக் கட்டப்பட்டது. பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே சுருளியாற்றுப் பாசனமும் ஊர்களும் இருந்தன. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளே அதற்குச் சாட்சி. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் மலை நீரே காரணம் என்பது மிகையல்லவா? மறுப்பின் முதல் பகுதியை முழுதாக ஏற்கிறேன். இன்றும் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் இந்த நீரைப் பங்கிடுகின்றன. ஆனால் முன்பே ஊர் இருந்தது என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. சுருளியாறும் மலையிலிருந்துதான் வருகிறது. பெரியாற்று நீர் செய்த மாற்றம் வேறு: அது நிச்சயத்தைக் கொடுத்தது. ஜூன் தொடக்கத்தில் தேக்கடி மதகு திறந்தால் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல். உத்தமுத்து வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பேர் உண்டு, முறை உண்டு, அதைக் காக்கச் சங்கங்கள் உண்டு.

நெல்லைவிடத் தெளிவாக இதைக் காட்டுவது திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் திராட்சை இது. கொடிக்கு நீர் வேண்டும், ஆனால் ஓயாத மழையும் ஈரக்காற்றும் ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். மழை மறைவில் இருந்துகொண்டே மழை நாட்டின் நீரைப் பெறும் இடத்தில்தான் அது இப்படிச் செழிக்கும். மலைக்கு மேலே இந்தக் கொடி வராது. மலை இல்லாவிட்டால் கீழேயும் வராது.

இனி ஏறுகிற கணக்கு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று சாலைகளிலும் விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. தூக்குவாளியில் சோறு, இடுப்பில் சாக்கு, பெரும்பாலும் பெண்கள். ஏலத்தோட்டத்துக் களை, உரம், காய் எடுப்பு எல்லாம் இவர்கள் கையால் நடக்கின்றன. மாலையில் வீடு திரும்புகிறார்கள். தோட்டங்களில் பல போடி, கம்பம், தேவாரம் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. எருவும் காய்கறியும் பாலும் இங்கிருந்து ஏறுகின்றன. காய்ந்த ஏலக்காய் இறங்கி வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் தேனியின் போடியிலும் நடக்கிறது. விளைவது கேரளத்தில், மில்லிமீட்டர் அளவு பார்த்துத் தரம் பிரிப்பதும் விலை பேசுவதும் பெரும்பகுதி போடியில். எந்த மாநிலத்தின் தொழில் இது என்று பிரித்துச் சொல்ல முயன்றால் தோற்றுப்போவோம். 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற மதுரை–போடி ரயில், தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்பியது. ஏலக்காய் நகரம் பன்னிரண்டு ஆண்டு ரயில் இல்லாமல் இருந்தது, மலையோடு உள்ள இந்த வாணிபத்தின் கனத்தை அரசு சரியாக எடை போடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அமெரிக்காவில் தேனிக்கு நேர்பொருத்தமான ஒரு கவுண்டி இருக்கிறது. கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள இம்பீரியல் கவுண்டி, 1907இல் சான் டியேகோவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1901இல் கொலராடோ ஆற்று நீர் மெக்சிகோ நிலம் வழியாக வெட்டிய கால்வாயில் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பாலைவனம் வயலானது. இன்றும் அந்த வயல்களின் வேலையாட்களில் கணிசமானவர்கள் எல்லைக்கு அப்பாலுள்ள மெக்சிகாலியில் வீடு வைத்து, விடியுமுன் எல்லைச் சாவடியில் வரிசையில் நின்று கடந்து வருகிறவர்கள். அங்கே குறுக்கே நிற்பது இரு நாடுகளின் எல்லை, கடவுச்சீட்டு, சுவர். நீர்ப் பங்கீட்டுக்கு 1944இல் இரு நாடுகளும் ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. நமக்கு நடுவே இருப்பது ஒரே நாட்டின் இரு மாநிலங்களைப் பிரிக்கும் கோடு மட்டும். அதையும் இரு நாட்டு எல்லை போல ஆக்கிக்கொண்டது நாம்தான்.

பெரியாறு அணை உடையும் என்று கேரளம் அஞ்சுவதைத் தமிழகத்தில் பலர் வெறும் அரசியல் என்று ஒதுக்குகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நூற்றாண்டைக் கடந்த அணையின் கீழே குடியிருப்பவருக்கு வரும் அச்சம் உண்மையான அச்சம். 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்த பிறகுதான் இங்கே நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். பிறகு கேபிள் நங்கூரம், கான்கிரீட் மேல்கட்டு, பின்புறத் தாங்கு அணை என்று பலப்படுத்தும் பணிகள் நடந்தன. அவற்றை ஆராய்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2006இலும், அரசியல் சாசன அமர்வாக 2014 மே 7 அன்றும் 142 அடிக்கு அனுமதி தந்தது. சான்று தமிழகத்தின் பக்கம் இருக்கிறது. சான்று நம் பக்கம் இருப்பதால் அடுத்தவர் அச்சத்தைக் கேலி செய்யும் உரிமை வந்துவிடாது. 2011 டிசம்பரில் என்ன நடந்தது? குமுளியில் மோதல், கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கி நடந்தது, நாள்கணக்கில் மூடிய சாலை. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூலி போனது ஏலத்தோட்டப் பெண்களுக்கு, காய் வீணானது தோட்டக்காரர்களுக்கு, காய்கறி தேங்கியது கம்பத்து விவசாயிக்கு. 2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டபோதும் அடி விழுந்தது இதே ஆட்களுக்குத்தான்.

மலையையும் பள்ளத்தாக்கையும் ஒன்று என்பது, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்கும் பழைய கோரிக்கைக்கு முன்னுரையா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. எல்லைக் கோட்டை நகர்த்தினால் சிக்கல் இடம் மாறும், தீராது. அந்தப் பக்கம் மலையாளக் குடியேற்ற விவசாயிகள் மூன்று நான்கு தலைமுறையாக வேர் விட்டிருக்கிறார்கள். நான் கேட்பது நிர்வாகத்தில் சில திட்டவட்டமான மாற்றங்களை. 2025 வரை நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாத தோட்டங்களுக்குப் பொருந்தியது; அது தோட்டத்திலேயே குடியிருக்கும் ஆளுக்கு வீடு, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் என்று வகுக்கப்பட்டது. அதே 2025 வரை நடப்பில் இருந்த 1979ஆம் ஆண்டு மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூட்டிப்போகும் ஆட்களுக்கானதாக இருந்தது. காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, வண்டன்மேட்டில் ஒரு சின்னத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இரவு வீட்டில் உலை வைக்கும் பெண் இரண்டிலும் சேரவில்லை. அவர் உழைப்பு கேரளத்தில், ரேஷன் அட்டையும் வாக்கும் தமிழகத்தில். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் இழப்பீட்டுக்கு எந்த அலுவலகத்தின் படியில் ஏறுவது என்பதே அவருக்குக் குழப்பம். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் கண்ணகி கோயில் விழாவுக்காக ஆண்டுதோறும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அதே மேசையில் இந்தத் தொழிலாளர்களின் கூட்டுப் பதிவேட்டையும், ஜீப்புகளுக்குப் பதில் மூன்று மெட்டுச் சாலைகளிலும் விடியற்காலைப் பேருந்தையும், தேவாரத்தார் நெடுநாளாகக் கேட்டுவரும் சாக்கலூத்து மெட்டுச் சாலையையும் பேச முடியும். அணையைப் பற்றி இரு மாநிலமும் பேச மேற்பார்வைக் குழு இருக்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பு நிபுணர்களையும் அதில் சேர்த்தது. ஏறுகிற ஆட்களைப் பற்றிப் பேச அப்படி ஒரு குழுவை அமைக்க நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவையில்லை, இரண்டு தலைமைச் செயலாளர்களின் கையெழுத்தே போதும்.