எண்ணெய் வண்ணத்தில் மந்தாரக் கடலைத் தீட்டுதல்

மப்பும் மந்தாரமுமான கடலைத் தீட்ட உட்காரும் புதியவர்களின் கை முதலில் கருப்பு ட்யூபைத்தான் தேடும். பெரும்பாலும் அங்கேயே படம் கெட்டுப்போகிறது. ட்யூபிலிருந்து நேராக எடுத்துப் பூசிய கருப்பு ஆழத்தைக் காட்டாது. கேன்வாஸில் ஓட்டை விழுந்தாற்போல் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பையும் கலந்தால் ஏறக்குறையக் கருப்பே கிடைக்கும். அதில் நீலம் சற்றுத் தூக்கலானால் மழைமேகம். பழுப்பு தூக்கலானால் கலங்கிய கரையோரத் தண்ணீர். டைட்டானியம் வெள்ளையைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால், படம் முழுவதற்கும் வேண்டிய சாம்பல் நிறங்கள் அந்த ஒரே கலவையிலிருந்து கிடைத்துவிடும்.

கிரிமியாவின் ஃபியோதோசியா துறைமுகத்தில் 1817இல் பிறந்த இவான் அய்வசோவ்ஸ்கி, வாழ்நாளெல்லாம் கடலையே வரைந்தவர். அவருக்குப் பெரும்புகழ் தந்தது 1850இல் தீட்டிய ‘ஒன்பதாம் அலை’: பொன்னிற விடியலில், உடைந்த பாய்மரத்தைப் பற்றியபடி உயிருக்குப் போராடும் மனிதர்கள். ஆனால் மந்தாரக் கடலைப் பயில விரும்புகிறவர் பார்க்க வேண்டியது, மாஸ்கோவின் த்ரெத்யகோவ் காட்சிக்கூடத்தில் உள்ள 1881ஆம் ஆண்டுப் படமான ‘கருங்கடல்’. அதில் விபத்து இல்லை, மனிதர் இல்லை. வானமும் நீரும் மட்டுமே. உற்றுப் பார்த்தால் தொலைவில் பொட்டுப்போல் ஒரு கப்பல். இரண்டில் இதுவே உயர்ந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஓடும் அலையை நேரில் பார்த்துப் பார்த்து வரைய முடியாது என்பது அவர் கொள்கை. கடற்கரையில் பென்சிலால் குறிப்பெடுத்துக்கொண்டு, மீதியை அறைக்குள் நினைவிலிருந்தே தீட்டினார்.

வேலையை வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காமல், டர்பன்டைனில் கரைத்த பழுப்பை மெல்லத் தேய்த்துக் காயவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு தொடுவானக் கோடு. அது இம்மியும் சாயக்கூடாது. சாய்ந்தால் கடலே வழிந்துவிடும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று பெரிய பரப்புகளை மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். வானத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் தண்ணீரின் நிறம் வானத்திடம் கடன் வாங்கியதுதான். மேகங்களின் ஓரங்களை உலர்ந்த, மென்மையான பிரஷால் வருடிக் கலைத்துவிட்டால் ஈரக்காற்று தெரியும்.

அலையில்தான் பொறுமை வேண்டும். அடிப்பகுதி கனத்து இருண்டிருக்கும். முகட்டுக்கு அருகே நீர் மெலிவதால் பின்னாலிருக்கும் ஒளி ஊடுருவி, மங்கிய பச்சை தோன்றும். விரிடியன் பச்சையில் துளி மஞ்சளும் கொஞ்சம் சாம்பலும் கலந்து, அந்த ஒரு பட்டையில் மட்டும் வைத்தால் போதும். நுரை வெள்ளை என்று நினைப்பது அடுத்த பிழை. நிழலில் இருக்கும் நுரை நீலச்சாம்பல்தான். சுத்த வெள்ளையை மேகத்தின் இடுக்கில் வெளிச்சம் விழும் ஓரிடத்துக்கென்று கடைசிவரை ஒதுக்கி வைத்து, பாலெட் கத்தியின் நுனியால் தடிப்பாக ஓரிரு முறை இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் நாலு இடத்தில் வைத்தால் மந்தாரம் கலைந்துவிடும்.

அடுக்குகளில் ஒரு விதி உண்டு: அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக அதிகமாக. மாற்றிச் செய்தால், மேலடுக்கு முதலில் இறுகி, அடியடுக்கு பின்னால் அசையும்போது வெடிப்பு விடும். தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்களிலேயே வந்துவிட்டாலும், வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் அவற்றைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிடுங்கள்.