அக்காவுக்கும் கோபம் வரும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "நீதானே பெரியவ, விட்டுக் கொடேன்!" ஒரே அறை, ஒரே படிப்பு மேசை, இரண்டு பெண் பிள்ளைகள். தங்கச்சி வண்ணப் பென்சிலை உடைத்திருப்பாள், அக்கா கத்தியிருப்பாள். திட்டு வாங்குவது கத்தியவள்தான்.

அந்த அக்காவின் பக்கம் நின்று 1955இல் ஒரு நாவல் வெளிவந்தது. அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரி எழுதிய 'பீசஸ் அண்ட் ரமோனா'. அக்கா பீசஸுக்கு ஒன்பது வயது, தங்கை ரமோனாவுக்கு நான்கு. போர்ட்லாந்து நகரின் கிளிக்கிடாட் தெருவில் அவர்கள் வீடு. அக்காவின் உண்மைப் பெயர் பியாட்ரிஸ். தங்கையின் மழலை வாயில் அது பீசஸ் ஆகி, வீடே அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டது.

இந்த நாவலில் பேயும் இல்லை, புதையலும் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை நிரந்தரமாகத் தனதாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு, ரமோனா அதில் பக்கம் பக்கமாகக் கிறுக்கி வைக்கிறாள். முதல் கடிதான் ருசி என்று, பெட்டியில் உள்ள ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு கடி கடித்துப் போடுகிறாள். வீட்டாருக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் விருந்துக்கு அழைத்துவிடுகிறாள். படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. பீசஸுக்கு வருவது கோபம். கோபம் அடங்கியதும், 'தங்கச்சிமேல் பாசம் இல்லாத கெட்ட பெண்ணா நான்?' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. சண்டையைவிட இந்தக் குற்ற உணர்வுதான் கதையின் உயிர்.

பீசஸின் பத்தாவது பிறந்தநாளன்று எல்லாம் வெடிக்கிறது. முதல் கேக் மாவில் முட்டையை ஓட்டோடு சேர்த்துப் போட்டுக் கெடுக்கிறாள் ரமோனா. இரண்டாவது கேக் வேகும்போது தன் ரப்பர் பொம்மையை அடுப்புக்குள் தள்ளிவிடுகிறாள். சில நேரம் தங்கையைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று பீசஸ் வாய்விட்டே சொல்லிவிடுகிறாள். அம்மா அதட்டவில்லை, 'அப்படிப் பேசாதே' என்றும் சொல்லவில்லை. எல்லா நேரமும் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை என்கிறார். பிறகு அம்மாவும் சித்தியும் தங்கள் சின்ன வயதுச் சண்டைகளை நினைத்து நினைத்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவு அடித்துக்கொண்ட இருவர் இன்று இவ்வளவு ஒட்டுதலாக இருப்பதைப் பார்க்கும்போது பீசஸின் மனப்பாரம் இறங்குகிறது.

கிளியரிக்கு உடன்பிறந்தார் இல்லை. எழுத வருமுன் யாக்கிமா என்ற ஊரில் குழந்தைகள் நூலகராக வேலை பார்த்தார். எங்களைப் போன்ற பிள்ளைகளின் கதை எங்கே என்று அங்கு வந்த சிறுவர்கள் கேட்டதிலிருந்துதான் அவருடைய எழுத்து பிறந்தது. 1950இல் வந்த முதல் நாவலில் எல்லாப் பிள்ளைகளும் ஒற்றைப் பிள்ளைகளாகவே இருப்பதைக் கவனித்து, ஒருத்திக்கு மட்டும் ஒரு தங்கையைச் சேர்த்தார். அப்படிப் போகிற போக்கில் வந்த ரமோனாவின் கதை 1999 வரை வளர்ந்தது. கிளியரி 2021இல், தம் 104ஆம் வயதில் மறைந்தார்.

அக்கா தங்கை சண்டை தமிழருக்குப் புதிதல்ல. வள்ளியும் தெய்வானையும் முற்பிறவியில் திருமாலின் மகள்களாக, உடன்பிறந்தவர்களாக இருந்தார்கள் என்பது புராணம். அவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் 'வள்ளி தெய்வானை ஏசல்' நம் நாட்டார் மரபில் வாழ்கிறது. தெய்வப் பெண்களுக்குக் கொடுத்த இந்த உரிமையை வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதில்லை.

இங்கே அக்கா என்பவள் பாதி அம்மா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில் தங்கச்சிக்குச் சோறு போடுவதும், டியூஷனிலிருந்து அழைத்து வருவதும் அவள்தான். பெரியவர்கள் செய்யும் வேலையைச் செய்கிறாள், பெரியவர்களுக்குள்ள அதிகாரம் அவளுக்கு இல்லை. அவளுடைய பொருளைத் தங்கச்சி எடுத்தால், சின்னப் பிள்ளைதானே என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. அவளும் சின்னப் பிள்ளைதான் என்பதை மறந்துவிடுகிறோம். அடக்கிய கோபம் கரைந்து போவதில்லை. கல்யாணமான பிறகும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத அக்கா தங்கைகள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்!

இந்த நாவலின் நூலகர் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். ரமோனா கிறுக்கிய புத்தகத்துக்குப் பணம் கட்டிய பிறகு, அதை அவர் பீசஸிடம் கொடுக்கிறார். கெடுத்தவளுக்கு அது பரிசாகிவிடக் கூடாது என்று எண்ணுகிறார். யாரையும் திட்டவில்லை, இரு பிள்ளைகளுக்கும் நியாயம் செய்துவிட்டார். வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதும் இதுதான். பெரியவளிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லுமுன், முதலில் நடந்ததைக் கேளுங்கள். அவளுக்கென்று ஓர் இழுப்பறையாவது இருக்கட்டும், அதைத் தங்கச்சி திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகட்டும்.

நம் எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அறிவுரை சொல்லும் கதைகள் நம் பிள்ளைகளுக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. தைப்பூச ரதம் போகும் டத்தோ கிராமாட் சாலையில், கூட்டத்துக்கு நடுவே தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு நிற்கும் ஒரு பத்து வயது அக்காவின் கதை அவர்களுக்குத் தேவை. அதை எழுத இந்த ஊரை அறிந்தவர்கள்தான் வர வேண்டும். அந்தக் கதை வரும்வரை, வீட்டில் மூத்த பெண் இருக்கும் பெற்றோர் கிளியரியின் நாவலைத் தேடிப் படித்து, அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். தங்கச்சிமேல் கோபப்படுவதால் அவள் கெட்டவள் ஆகிவிட மாட்டாள் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.